உள்ளே ஆள் உண்டு

அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசைக்காரர் போன வாரம் ஒரு யோசனை கேட்டார். அவருடைய மனைவி வீட்டாருக்கு நெடுமங்காட்டுக்குக் கிழக்கே கொஞ்சம் நிலம் உண்டு. நிலம் என்பது பேருக்குத்தான், முக்கால்வாசி பாறை. குவாரிக்காரர் ஒருவர் வந்து அந்தப் பாறையைக் குத்தகைக்குக் கேட்கிறாராம்.

“மேடம் வீட்டுல இதுபோலக் கொடுத்திருந்தீங்கல்லோ? நல்லதாணோ? குடும்பத்துக்குப் பிரயோஜனம் உண்டோ?”

நான் யோசிக்காமல் “உண்டு” என்றேன். பொய் இல்லை. மாதா மாதம் வாடகை வரும், எடுக்கிற கல்லுக்குத் தனியாகப் பங்கு வரும், வீட்டு வாசல்வரை ரோடு போட்டுத் தருவார்கள், நாம் ஒரு சல்லியைக்கூடக் குனிந்து எடுக்க வேண்டாம் என்றேன். நிலம் நம் பேரிலேயே இருக்கும், விற்றுவிட்டோமே என்ற வருத்தமும் வராது. எதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னேன். சுவரில் கீறல் விழுந்தால் யார் பூசுவது, கிணறு வற்றினால் யார் லாரியில் தண்ணீர் கொண்டுவருவது, எல்லாம் முடிந்தபின் குழியை யார் மூடுவது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். குவாரிக்காரரிடம் போய் இதையெல்லாம் அவர் பேசப்போவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அதற்குள் நாலு மணி நெருங்கிவிட்டது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் முற்றத்தில் நின்றேன். தினமும் அந்த நேரத்தில் நான் வெளியே போவது எல்லோருக்கும் தெரியும். டீ குடிக்கப் போகிறேன் என்று நினைக்கிறார்கள். நான் டீ குடிப்பதே இல்லை. திருவனந்தபுரத்தில் எங்கள் அலுவலகத் தெருவில் வெடி வைத்துத் தகர்க்க ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. ஆனாலும் நாலு மணி வாக்கில் கூரைக்கு அடியில் இருக்க என் உடம்பு ஒப்புவதில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும், கேட்கக் காத்து நிற்பேன்.

எங்கள் பாறை இப்போது பாதி அறுத்து வைத்த பலாப்பழம் மாதிரி அங்கே நிற்கிறது. குத்தகை முடிந்து போயிற்று. ஏன் புதுப்பிக்கவில்லை என்று எதிர் மேசைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைவீதியில் பருப்பும் மல்லியும் மொத்த வியாபாரம். நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசியை ஓரத்தில் செருகி இழுத்து, அதில் வரும் ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, மொத்த லோடுக்கும் விலை சொல்லிவிடுவார். அதில் அவர் ஏமாந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏமாந்தது ஒரே தடவை. கடையைப் பெரியப்பா பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, கல்லாற்றுக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தில் நிலம் வாங்கப் போனார். விற்பவனிடம் கடப்பாரையைக் கேட்டு வாங்கி, நிலத்தின் நாலு ஓரத்திலும் குத்திப் பார்த்தார். நாலு இடத்திலும் கடப்பாரை சுகமாக இறங்கியது. நடுவில் குத்திப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூட்டையின் ஓரத்தில் இருக்கும் மல்லிதானே நடுவிலும் இருக்கும்.

நடுவில் இருந்தது பாறை. மேலே ஒரு சாண் மண்ணைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. வீடு கட்டியானதும் மரச்சீனி நட்டார். கிழங்கு கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் வளர்ந்தது. ரப்பர் வைத்தார், முதல் காற்றிலேயே சாய்ந்தது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

“மல்லி மூடைக்குச் சாம்பிள் எடுத்த மாதிரில்லா நிலத்துக்குச் சாம்பிள் எடுத்திருக்கிய!”

“சிரி, சிரி. ஒரு நாளு இந்தப் பாறை உனக்குச் சோறு போடும் பாத்துக்கோ,” என்பார் அப்பா. அவருக்கே அதில் நம்பிக்கை கிடையாது. ஆரியசாலைக்கு வந்தால் பழைய கூட்டாளிகள் ‘பாறை முதலாளி’ என்று கூப்பிடுவார்கள். அதையும் சிரித்து ஏற்றுக்கொள்ளும் ஆள்தான் அவர்.

பிறகு ஊரெல்லாம் கல்லுக்கு அலைந்தது. கடலில் கொட்டக் கல், ரோட்டுக்குக் கல், நகரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் ஃப்ளாட்டுகளுக்குக் கல். ஒரு நாள் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். குவாரி மேனேஜர். சாதுவான மனிதர், பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுவார். ஆரியசாலைத் தமிழ் வியாபாரிகளை எல்லோரும் கூப்பிடுவதுபோல் அப்பாவை ‘அண்ணாச்சி’ என்றே கூப்பிட்டார். அப்பா பல நாட்களுக்கு அப்புறம் விலை பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவரை லேசில் விடவில்லை. காலையில் வந்தவர் மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டு, சாயங்காலம்தான் எழுந்து போனார்.

அளவுக்காரர்கள் வந்து அளந்தார்கள். சட்டம் சொல்லும் தூரத்துக்கு எங்கள் வீடு அப்பால்தான் இருந்தது, ஆனால் அதிகம் அப்பால் இல்லை. ஜியாலஜி ஆபீஸ், பஞ்சாயத்து என்று அனுமதிகள் வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. வந்தபின் வாழ்க்கை மாறித்தான் போயிற்று. தம்பி ஆசைப்பட்ட காலேஜில் சேர்ந்தான். எனக்கு நகரத்தில் வேலை கிடைத்து ஃப்ளாட் எடுத்தபோது அட்வான்ஸுக்கு நான் யாரிடமும் கை நீட்டவில்லை. அம்மா வாழ்க்கையில் முதல்தடவையாக விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு புடவை எடுத்தாள். அந்தப் புடவையை அன்று கடையிலேயே கட்டிக்கொள்ளலாமா என்றுகூட என்னிடம் கேட்டாள். பாறை சோறு போட்டது. நெய்யும் ஊற்றியது.

அதற்குப் பதிலாகப் பாறை எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தினமும் நாலு மணி வாக்கில் வெடி. வெடிக்கு முன் அம்மாவின் செல்ஃபோனுக்கு அழைப்பு வரும். குவாரிக்கு மிகப் பக்கத்தில் இருந்தது நாங்கள்தான் என்பதால், நாங்கள் எல்லோரும் வெளியே போய், பாறைக்கு எதிர்ப்பக்கம் வீட்டைச் சுற்றிய வளவின் கோடியில் நிற்கும் அயினி மரத்தடியில் நின்றுகொண்டு, மேனேஜரிடம் அதைச் சொல்ல வேண்டும். சொன்னபின் சைரன் ஊதும். சைரன் ஓய்ந்ததும் வெடி. ஒரு கல் தெறித்துக் கூரை ஓட்டைத் துளைத்தாலும் உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்பது மேனேஜரின் கணக்கு. கேட்காமல் அவர் பொத்தானைத் தொடமாட்டார். அது எந்தச் சட்டத்திலும் இல்லை, அவராக வைத்துக்கொண்ட முறை.

முதல் நாள் ஃபோனை எடுத்த அம்மா, “வீட்டுக்குள்ள ஆரும் இல்ல,” என்றாள். அப்பா ஃபோனைப் பிடுங்காத குறை.

“ஏட்டி, வீட்டுல ஆரும் இல்லேன்னு வாயால சொல்லுவாளா ஒருத்தி? கடையில பருப்பு தீந்தாக்கூட நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். இல்லேங்கிற வார்த்தைய வீட்டப் பாத்துச் சொல்லாத.”

அதிலிருந்து அம்மா, “எல்லாரும் வெளிய இருக்கோம்,” என்று மாற்றிக்கொண்டாள். தினமும் அதே வாக்கியம். நானும் தம்பியும் விடுமுறைக்குப் போனால் எங்களையும் கோழிக்குஞ்சுகளை ஓட்டுகிற மாதிரி மரத்தடிக்கு ஓட்டுவாள். அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, வெடி அதிர்ந்ததும், “நம்ம பாறையாக்கும்,” என்பார். பெருமையாகத்தான் சொல்வார். வீட்டுக்குள் திரும்பிப் போனால் பாத்திரங்கள் அலமாரியில் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். தரையெல்லாம் மாவு சலித்த மாதிரி வெள்ளைத் தூசி. அம்மா துடைத்துவிட்டுக் காப்பி போடுவாள்.

ஒரு காலையில் அப்பா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் மிச்சம். மெடிக்கல் காலேஜில் நெடுநாள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஹோம் நர்ஸ், பிஸியோதெரபி, மருந்து, கம்பி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில். எல்லாவற்றுக்கும் பாறை கொடுத்தது. அந்தக் குத்தகை இல்லையென்றால் நாங்கள் அவரை ஏதாவது தர்ம ஆஸ்பத்திரி வார்டில் விட்டுவிட்டு முறை வைத்துப் பார்த்திருப்போம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அப்பாவைத் தன் வீட்டில், தன் கட்டிலில், சுத்தமான வேட்டியோடு அம்மாவால் வைத்துக்கொள்ள முடிந்தது என்றால் அது பாறையின் புண்ணியம்.

மேனேஜர் வந்து பார்த்தார். கட்டிலருகே நின்று அம்மாவிடம், “அம்மா, வெடி சமயத்துல அண்ணாச்சிய எப்படிப் புறத்துக் கொண்டுபோகும்?” என்று கேட்டார்.

“வீல்சேர் இருக்கு. நான் தள்ளிக்கிடுவேன்,” என்றாள் அம்மா.

தள்ளவும் செய்தாள். நாலு மணிக்கு முன்பே நர்ஸும் அவளுமாக அப்பாவை நாற்காலியில் ஏற்றி, மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வெடி அதிரும்போது அப்பா அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். ‘நம்ம பாறையாக்கும்’ என்று இப்போது அம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஐப்பசி, மலையாளத்தில் துலாமாதம், பிறந்தது. மத்தியானம் தாண்டினால் மலையிலிருந்து மேகம் இறங்கி, சொல்லி வைத்தாற்போல் மூன்று மணிக்கு மழை. கூடவே இடி. மழையில் நனைந்து அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்தாற்போல் முதுகில் படுக்கைப் புண். வாட்டர் பெட் வாங்கிப் போட்டோம். புண் ஆறும்வரை ஆளை அசைக்கவே கூடாது, நாற்காலியில் உட்கார வைக்கவே கூடாது என்றார் டாக்டர். புண் ஆறவே இல்லை.

அம்மாவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. உள்ளே அசைக்க முடியாத நோயாளி இருக்கிறார் என்று மேனேஜரிடம் சொல்லலாம். வெடி நிற்கும், கூடவே வாடகையும் கல்லுக்கான பங்கும் நிற்கும், நர்ஸும் மருந்தும் நிற்கும். அல்லது சொல்லாமல் இருக்கலாம். ஃபோன் வந்தபோது அம்மா, “எல்லாரும் வெளிய இருக்கோம்,” என்றாள். தினமும் சொன்னாள், நர்ஸை முன்னதாகவே கடைக்கு அனுப்பிவிட்டு. அப்பா உள்ளே கட்டிலில் கிடந்தார்.

எனக்கு இது தெரிந்தபோது நான் சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும். “மேலே கல்லு வந்து விழுந்தா என்னம்மா செய்வே? என்னோட ஃப்ளாட்டுக்கு வந்துருங்க ரெண்டு பேரும்,” என்றேன். அம்மா அமைதியாகக் கேட்டாள், கட்டில் உன் லிஃப்டுக்குள் போகுமா என்று. போகாது. நீ ஆபீஸ் போனபின் ராப்பகலாய்ப் பார்க்கிற நர்ஸுக்கு உன் சம்பளம் காணுமா என்று. காணாது.

“ஒரு நிமிசம்தான மக்களே. அங்க டப்புன்னு கேக்கும், முடிஞ்சு போவும். நான் மரத்தடியில நின்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டே இருப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நான் அங்கே போவேன். ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது.

ஒரே ஒரு வேலைநாள் லீவு எடுத்துப் போயிருந்தேன். மூன்றரை தாண்டியதும் அப்பாவின் இடது கை தானாக நகர்ந்து கட்டிலின் கம்பியைப் பிடித்தது. கடிகாரம் அந்த அறையில் இல்லை. சைரன் இன்னும் ஊதவில்லை. விரல் முட்டியெல்லாம் வெளுக்கும்படி பிடித்திருந்தார். கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது. நான் அந்தக் கையைத் தடவிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருக்குப் புரிகிறதா, புரியவில்லையா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. இது நம்ம பாறைதான் என்று தெரிந்து பயப்படுகிறாரா, என்னவென்றே தெரியாமல் பயப்படுகிறாரா? எதுவானால் தேவலை என்று நினைக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

ஃபோன் அடித்தது. அம்மா எடுத்து, “எல்லாரும் வெளிய இருக்கோம்,” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “நீ போய் மரத்தடியில நில்லு. இந்தா வந்துட்டேன்,” என்றாள்.

நான் போய் நின்றேன். சைரன் ஊதி ஓய்ந்தது. வெடித்தது. கால் வழியாக ஏறிப் பல்வரை வந்து நின்றது அந்த அதிர்வு. அம்மா வரவில்லை. தூசி அடங்கிய பிறகுதான் வாசலில் தலை தெரிந்தது.

“எங்கே போனே?”

“அடுப்புல பால வச்சிருந்தேன். பொங்கிட்டு.”

நான் நம்பினேன். பாலுக்காக உயிரைக் கொடுக்கிற ஆள்தான் அவள் என்று திட்டவும் செய்தேன்.

ஆடியில் வரும் கர்க்கடக மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. மண்சரியும் என்று பயந்து மலைப்பக்கத்துக் குவாரிகளையெல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அயினி மரத்தில் கிளிகள் வந்து உட்கார ஆரம்பித்தன. இத்தனை நாள் அவை எங்கே இருந்தன என்று அம்மா ஃபோனில் ஆச்சரியப்பட்டாள். ஆனால் மூன்றரை தாண்டினால் அப்பாவின் கை கம்பிக்குப் போவது நிற்கவில்லை. முன்பு வெடித்து முடிந்ததும் விட்டுவிடுவார். இப்போது வெடி வராததால் விடவே இல்லை. சாயங்காலம் முழுக்க, விளக்கு வைத்த பிறகும்கூட, பிடித்தபடியே கிடந்தார். “இன்னைக்கு இல்ல, இன்னைக்கு வெடி கெடையாது,” என்று அம்மா காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படி ஒரு சாயங்காலம், மழையைத் தவிர வேறு சத்தமே இல்லாத நேரத்தில், அவர் போய்விட்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கையைக் கம்பியிலிருந்து எடுத்தோம். பிரித்தது நான். அந்த விரல்களின் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. சில சமயம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் சட்டென்று விட்டுவிடுகிறேன்.

காரியங்கள் முடிந்தன. மழையும் விட்டது, உத்தரவும் விலகியது. குத்தகை முடியக் கொஞ்ச காலம் இருந்தது. தம்பியின் படிப்பு முடியவும் கிட்டத்தட்ட அவ்வளவே காலம் இருந்தது. மறுபடி வேலை தொடங்கிய அன்று நாலு மணிக்கு மேனேஜர் ஃபோன் செய்தார்.

“அம்மா, எல்லாரும் புறத்தல்லே?”

எல்லோரும் வெளியே என்று இப்போது உண்மையாகவே சொல்லலாம். அம்மா சொன்னது வேறு.

“இல்ல. உள்ள ஆளு உண்டு.”

மேனேஜர் சைரனை நிறுத்தி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அதே பதில். வேறு வழியில்லாமல் அவரே நடந்து வீட்டுக்கு வந்தார். அம்மா மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“ஆரம்மா உள்ளே?”

“அவியதான். இன்னும் வெளிய வரல்ல.”

அவர் குடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். துளைகளில் இறக்கிய வெடிமருந்தை அன்று பத்திரமாக எடுத்து அப்புறப்படுத்த இருட்டிவிட்டது. அதற்கப்புறம் மருந்து இறக்குவதற்கு முன்னாலேயே, காலையிலேயே ஃபோன் செய்து கேட்க ஆரம்பித்தார். காலையிலும் அம்மா அதையேதான் சொன்னாள். டிப்பர் லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. வேலைக்காரர்கள் நிழல் பார்த்துப் படுத்துத் தூங்கினார்கள்.

தம்பி ஹாஸ்டலிலிருந்து எனக்கு ஃபோன் செய்து கத்தினான். “அக்கா, அம்மைக்கு என்ன வட்டா, பைத்தியமா? இன்னும் கொஞ்ச நாளு பொறுக்கப்பிடாதா? நான் ஜோலிக்குப் போன பொறவு மூடட்டும், ஆரு வேண்டாம்னா?” அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மேனேஜரும் என்னை அழைத்தார். முதலாளிகள் கேள்வி கேட்கிறார்கள் என்றார். செத்துப்போனவர் உள்ளே இருக்கிறார் என்று ஆபீஸில் எப்படிச் சொல்வது என்று அவர் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. “மோளே, நீங்க ஒண்ணு வந்து பேசணும். கேக்காம நான் செய்ய மாட்டேன். அது முடியாது,” என்றார்.

நான் லீவு போட்டுக் காலை பஸ்ஸில் போனேன். கோபத்தோடுதான் போனேன். வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். அப்பாவைத் தாங்கியது பாறைதான், இப்போது தம்பி படிப்பைத் தாங்க விடு, அவ்வளவுதானே. வீட்டில் அப்பாவின் அறை அப்படியே இருந்தது. கட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விரிப்பு மாற்றித் தலையணை வைத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு மர நாற்காலி.

சாப்பிடும்போது சொன்னேன். “அம்மா, இன்னைக்கு ஃபோனை நான் எடுக்கேன்.”

“எடு,” என்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்து வந்தவளுக்கு அந்த ஒற்றைச் சொல் ஏமாற்றமாகவே இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, நான் இருக்கிறேன், துளைகளில் மருந்தை இறக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது.

மூன்றரைக்கு நாங்கள் இருவரும் அயினி மரத்தடிக்குப் போனோம். வெயில் நன்றாக இருந்தது. ரோட்டில் சிவப்புக் கொடியோடு ஆட்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையில் அவளுடைய ஃபோனைக் கொடுத்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

“அம்மா! எங்கே போறே?”

அவள் திரும்பவில்லை. படியேறி உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பாவின் அறை ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

அம்மா தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி, தலையணையின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தலை இருந்தால் அதன் காதுகள் இருக்கும் இடம். தேடிப் பார்த்து வைக்கவில்லை, கை தானாகப் போய் அங்கே இருந்தது. அவள் முகம் தலையணைக்கு மேலே வெகு பக்கத்தில் குனிந்திருந்தது, கூரையிலிருந்து எது விழுந்தாலும் தன் முதுகில் விழட்டும் என்பதுபோல. உதடுகள் அசைந்தன. நம்ம பாறையாக்கும், நம்ம பாறையாக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பால் எதுவும் பொங்கவில்லை. ஒரு நாளும் பொங்கியிருக்காது.

கையில் ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

“மோளே, எல்லாரும் புறத்தல்லே?”

தம்பியின் முகம் ஒரு தடவை வந்து போயிற்று. குவாரியில் எல்லோரும் என் ஒரு வார்த்தைக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

“மோளே? கேக்குதா?”

“கேக்குது சார். வெடி வேண்டாம். உள்ளே ஆள் உண்டு.”

“ஆரு? அம்மையோ?”

ஜன்னலுக்குள் பார்த்துக்கொண்டே, “ரெண்டு பேரும்,” என்றேன்.

குத்தகை முடியும்வரை அவர் மறுபடி கேட்கவில்லை.